குளிர் தெளிப்புப் பழுதுபார்ப்பு: பூச்சின் வலிமையைத் தீர்மானிக்கும் தெரிவுகள்

தேய்ந்தோ அரிக்கப்பட்டோ போன உலோகப் பாகத்தின் மேல் உலோகத் தூளை உருக்காமல், ஒலியை விஞ்சும் வாயு ஓட்டத்தில் ஏற்றி மோதவைத்தே படியச் செய்யும் முறைதான் குளிர் தெளிப்பு. 1980-களின் நடுப்பகுதியில் நோவோசிபிர்ஸ்க் நகரிலுள்ள கோட்பாட்டு மற்றும் பயன்பாட்டு இயக்கவியல் நிறுவனத்தில், துகள் கலந்த காற்றோட்டத்தைக் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த அனதோலி பாப்பிரினும் அவருடைய குழுவினரும், குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டியதும் துகள்கள் பரப்பை அரிப்பதை விட்டு அதில் ஒட்டத் தொடங்குவதைக் கண்டனர். அந்தக் கண்டுபிடிப்பு பின்னர் பழுதுபார்ப்புத் தொழிலுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ்களின் மெக்னீசியக் கூடுகளைச் சீர்செய்ய இதை வளர்த்தெடுத்தது; 2008-ல் இதற்கென எம்.ஐ.எல்-எஸ்.டி.டி-3021 என்னும் தரநிலையும் வெளியானது.

அந்த மெக்னீசியக் கூட்டையே இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இசட்.இ.41.ஏ என்னும் வார்ப்புக் கலவையால் ஆன கூட்டில் எஃகுச் செருகிகளும் போல்ட்டுகளும் தொடும் இடங்களில், ஈரம் சேரும்போது, மின்வேதி அரிப்பு குழி தோண்டுகிறது. வெல்டிங் செய்தால் சுற்றியுள்ள உலோகம் வெந்து வலுவிழக்கும், கூட்டின் வடிவமும் கோணும். அதனால் 6061 என்னும் அலுமினியக் கலவையின் தூளைக் குளிர் தெளிப்பாக அந்தக் குழியில் நிரப்பி, பழைய அளவுக்குக் கடைந்து எடுக்கிறார்கள். இந்த ஒரு வேலைக்குள்ளேயே, புதிதாக இத்துறைக்கு வருபவர் அறிய வேண்டிய முடிவுகள் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன.

முதல் படி: எந்த வலிமை வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்

பூச்சு வலுவாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் வேலை தொடங்காது. மூன்று வேறு பண்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூச்சு அடி உலோகத்தை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பது ஒட்டுவலிமை. பூச்சுக்குள்ளேயே துகளும் துகளும் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பது உள்வலிமை. உடைவதற்கு முன் பூச்சு எவ்வளவு நீளும் என்பது நீட்சி. முதல் இரண்டும் நன்றாக அமைந்த பூச்சில் மூன்றாவது மிகக் குறைவாக இருப்பது இத்துறையில் அன்றாடம் காணும் நிலைமை. மோதலில் நசுங்கிய உலோகம் கடினமாகிவிடுகிறது. துகள்களுக்கிடையே முழுமையாகப் பிணையாத எல்லைகளும் எஞ்சியிருக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து நீட்சியைத் தின்றுவிடுகின்றன.

கியர்பாக்ஸ் கூட்டில் அரித்த இடம் பெரும்பாலும் பளுவைச் சுமக்கும் இடமல்ல; அளவு மீள வேண்டும், எண்ணெய் கசியக் கூடாது, மீண்டும் அரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அங்கே ஒட்டுவலிமைக்கே முதலிடம். ஆனால் அதிர்வுப் பளு மாறிமாறி வரும் ஒரு தாங்கியின் இருக்கையில் அதே பூச்சை இடுவதானால் உள்வலிமையும் நீட்சியும் சேர்ந்து தேவைப்படும், செலவும் பன்மடங்காகும். அளவை மீட்கும் பழுதுபார்ப்பு, பளு தாங்கும் பழுதுபார்ப்பு என்னும் இந்தப் பிரிவினையை எழுத்தில் வைத்துக்கொண்ட பிறகே கருவியின் அருகில் செல்வது நல்லது.

இரண்டாம் படி: எல்லாத் தெரிவையும் வேகத்தின் வழியாகப் படிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு மாறுநிலை வேகம் உண்டு. துகள் அதற்குக் கீழான வேகத்தில் மோதினால் தெறித்து விழும். மேலான வேகத்தில் மோதினால் ஒட்டும். வழக்கமான அளவுள்ள துகள்களில் செம்புக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டரை ஒட்டியும், அலுமினியத்துக்கு 600 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கும். மோதும் கணத்தில் துகளின் விளிம்பு தாரையாகப் பிதுங்கி வெளியே பாய்கிறது. பரப்பிலுள்ள ஆக்சைடுப் படலம் உடைந்து அந்தத் தாரையோடு வெளியேறுகிறது. அடியிலிருக்கும் தூய உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிணைகின்றன. இந்தப் பிதுக்கத்துக்குக் காரணம் வெப்பத்தால் உலோகம் திடீரென மென்மையாவதா, அழுத்த அலை விளிம்பில் விடுபடுவதா என்ற விவாதம் 2018-க்குப் பின் ஆய்வாளர்களிடையே சூடாக நடந்தது. பட்டறையில் நிற்பவருக்கு இரண்டு விளக்கங்களிலிருந்தும் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: வேகத்தைக் கூட்டுங்கள், ஆக்சைடைக் குறையுங்கள்.

இங்கே புதியவர்கள் பெரிதும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. தெளித்த தூளில் எத்தனை பங்கு படிந்தது என்னும் படிவுத்திறன், மாறுநிலை வேகத்தைத் தாண்டியதும் விரைவாக ஏறிச் சமனாகிவிடும். வலிமை அப்படியல்ல, படிவுத்திறன் சமனான பிறகும், வேகம் கூடக்கூட, அது ஏறிக்கொண்டே போகும். தூள் வீணாகவில்லை, பூச்சு தடித்து வளர்கிறது என்று திருப்தியடைந்து அமைப்பை அங்கேயே நிறுத்திவிட்டால், பார்வைக்கு நிறைவான, ஆனால் பலவீனமான பூச்சுதான் மிஞ்சும். மாறுநிலை வேகத்தை எட்டினோமா என்று கேட்பதோடு நிற்காமல், அதை எவ்வளவு தாண்டினோம் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: வாயு, வெப்பம், அழுத்தம்

அறை வெப்பநிலையில் நைட்ரஜனில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். ஹீலியத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர். குவிந்து பின் விரியும் நாசிலில் (தெளிப்புக் குழலின் முனையில்) வாயு எட்டக்கூடிய வேகம் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே ஹீலியத்தில் தெளித்த 6061 பூச்சு, நைட்ரஜனில் தெளித்ததைவிட உள்வலிமையிலும் நீட்சியிலும் தெளிவாக மேலே நிற்பதில் வியப்பில்லை. தடை விலைதான். ஹீலியத்தைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத பட்டறையில் பெரிய பரப்புகளுக்கு அது கட்டுப்படியாகாது. அளவை மீட்கும் வேலைக்கு நைட்ரஜனே போதும் என்பது என் கருத்து. பளு தாங்க வேண்டிய பூச்சுக்கு மட்டும் ஹீலியத்தை ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்கிய இடத்தில் விலையைக் காரணம் காட்டிப் பின்வாங்காதீர்கள்.

நைட்ரஜனோடு வேலை செய்யும்போது வேகத்தைக் கூட்ட முதல் வழி வெப்பம். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் வாயுவை 500 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஒலி வேகம் ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. இவ்வளவு சூடான வாயுவிலும் துகள் உருகுவதில்லை. அது நாசிலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு, மேலும் விரியும் பகுதியில் வாயுவே குளிர்ந்துவிடுகிறது. அழுத்தம் வேறு வகையில் உதவுகிறது. அதே நாசிலில் அழுத்தத்தை உயர்த்தினால் வாயுவின் வேகம் பெரிதாக மாறாது, ஆனால் அடர்த்தி கூடுவதால் துகளை அது இன்னும் பலமாக இழுத்துச் செல்லும். காற்றைக் கொண்டு 10 பாருக்குள் இயங்கும் சிறு கருவிகளுக்கும், 50 பார் அளவிலோ அதற்கு மேலோ இயங்கும் பெரிய கருவிகளுக்கும் பூச்சின் தரத்தில் தெரியும் வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அலுமினியத்தில் வெப்பத்தைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது: மென்மையாகிய தூள் நாசிலின் உள்சுவரில் ஒட்டி அதை அடைக்கத் தொடங்கும். அடைப்பு முழுமையாகும்வரை காத்திருக்கக் கூடாது. அரைகுறையாக ஒட்டிய நாசிலிலும் வாயு பாய்ந்துகொண்டுதான் இருக்கும், தூளும் படிந்துகொண்டுதான் இருக்கும். வேகம் மட்டும் சத்தமில்லாமல் விழுந்திருக்கும். அலுமினிய வேலைக்கு நீரால் குளிர்விக்கும் நாசிலையோ, தூள் எளிதில் ஒட்டாத பாலிமரால் செய்த நாசிலையோ தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

நான்காம் படி: தூள்

மிகப் பொடியான துகளைப் பரப்பின் முன் உருவாகும் அதிர்வலை வேகம் குறைத்துத் திசைதிருப்பிவிடும். மிகப் பெரிய துகள் வாயுவின் வேகத்தைப் பிடிக்காது. ஆகவே 15 முதல் 45 மைக்ரான் வரையிலான இடைப்பட்ட அளவையே பெரும்பாலும் வாங்குகிறார்கள். பொடித் துகளில் எடைக்கு ஏற்பப் பரப்பு அதிகம், பரப்பு அதிகமானால் ஆக்சைடும் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கிய தூளைப் பேணுவது வாங்குவதைவிடக் கடினமான காரியம். திறந்து வைத்த அலுமினியத் தூள் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஆக்சைடு, ஹைட்ராக்சைடுப் படலத்தைத் தடிக்கவைக்கும். தடித்த படலத்தை உடைத்து வெளியேற்றக் கூடுதல் வேகம் வேண்டியிருக்கும். அதாவது கருவியில் எதையும் மாற்றாமலேயே மாறுநிலை வேகம் மேலேறிவிடும். பயன்படுத்துமுன் வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோ உலர்த்தி, எஞ்சியதை உலர் நைட்ரஜன் நிரப்பிய கலனில் மூடிவையுங்கள். இன்னொன்று: உருகிய உலோகத்தை வாயுவால் சிதறடித்துத் தயாரித்த 6061 தூளின் உட்புறம், வேகமாக உறைந்ததால், கலவைத் தனிமங்கள் வலைபோல் ஒதுங்கிய அமைப்பைக் கொண்டிருக்கும். தெளிக்கும் முன்பே தூளை வெப்பப் பதம் செய்து அந்த வலையைக் கரைத்தால் துகள் மென்மையாகி நன்றாக நசுங்கும். நீட்சி வேண்டிய பூச்சுக்கு இந்தக் கூடுதல் வேலை பலன் தரும்.

நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் கலந்தால் வெடிக்கக்கூடியது. தூசி சேகரிப்பான், நிலத்தொடர்பு, நைட்ரஜன் தேங்கும் இடங்களில் ஆக்சிஜன் அளவி, காதுக் காப்பு ஆகிய எல்லாம் அமைந்த அறையில்தான் தெளிக்க வேண்டும். இதில் சலுகைக்கே இடமில்லை.

ஐந்தாம் படி: பள்ளத்தை வடிவமைத்துப் பரப்பைத் தயார் செய்யுங்கள்

அரிப்பு தோண்டிய குழியில் அப்படியே தெளிக்கக் கூடாது. அரித்த உலோகத்தை முழுவதும் கடைந்தெடுத்து, சுவர் செங்குத்தாக நிற்காமல் நல்ல சரிவோடு மேலேறும், மூலைகள் வளைந்த, அகன்ற பள்ளமாக அதை மாற்ற வேண்டும். செங்குத்துச் சுவரில் துகள் பக்கவாட்டில் உரசிச் செல்லும். அடி மூலையில் வாயு தேங்கிச் சுழலும். தெறித்த தூளும் அங்கேயே சிக்கும். பழுதுபார்த்த இடம் பின்னாளில் பெயர்ந்தால், பெயர்வு தொடங்கிய இடத்தை முதலில் அந்த மூலையில் தேடிப் பாருங்கள்.

அடுத்து, எண்ணெய் நீக்கம், பிறகு பரப்பைச் சொரசொரப்பாக்குதல். கடின மணிகளை வேகமாக மோதவைக்கும் கிரிட் பிளாஸ்டிங் செய்யும்போது மெக்னீசியம் போன்ற மென்மையான உலோகத்தில் அலுமினா மணிகள் புதைந்து நின்றுவிடும். புதைந்த ஒவ்வொரு மணியும் பூச்சு ஒட்டாத ஒரு புள்ளி. அழுத்தத்தைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, முடித்ததும் உருப்பெருக்கியில் பரப்பைப் பாருங்கள். சுத்தம் செய்த மெக்னீசியத்தில் ஆக்சைடு உடனே மீண்டும் வளரத் தொடங்குவதால், தயாரிப்புக்கும் தெளிப்புக்கும் இடையிலான நேரத்துக்கு ஒரு வரம்பு குறித்துக்கொண்டு, அதைத் தாண்டினால் தயக்கமின்றி மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

ஆறாம் படி: நாசில் செல்லும் பாதை

விலையுயர்ந்த கருவியும் நல்ல தூளும் இருந்தும் பூச்சு பலவீனமாக வருவதற்கு, என் பார்வையில், மிகப் பொதுவான காரணம் இங்கேதான் இருக்கிறது. பாதையைத் தீர்மானிப்பது செலவில்லாத வேலை. ஆகவே அதற்குத் தரவேண்டிய கவனத்தைப் பலரும் தருவதில்லை.

கோணத்தை முதலில் பாருங்கள். ஒட்டுவதற்கு உதவுவது துகளின் முழு வேகமல்ல, பரப்புக்குச் செங்குத்தாக அமையும் கூறு மட்டுமே. துகள் நொடிக்கு 800 மீட்டரில் வருவதாகக் கொள்வோம். 90 டிகிரியில் அந்த 800-உம் பயன்படுகிறது. 75 டிகிரியில் 773 மீட்டர். இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. 60 டிகிரியில் 693. அலுமினியத்தின் மாறுநிலை வேகத்துக்கு மேலே எஞ்சியிருந்த இடைவெளியில் பாதிக்கு மேல் போய்விட்டது. 45 டிகிரியில் 566. இனி ஒட்டுவதே அரிது. ஆகவே சரிந்த சுவரின் மேல் வரும்போது ரோபோ நாசிலையும் சாய்த்து, பரப்புக்குச் செங்குத்தாகவே நிறுத்த வேண்டும். தட்டையான தகட்டில் எழுதிய நிரலை வளைந்த பாகத்துக்கு அப்படியே ஓட்டுவது, இந்தக் கணக்கைப் பார்த்தபின் ஏற்க முடியாத செயலாகத் தோன்றும்.

இதே கணக்கு, கண்ணுக்கு எளிதில் படாத வேறோர் இடத்திலும் வேலை செய்கிறது. நாசில் மெதுவாக நகர்ந்தால், அல்லது தூள் மிகுதியாக ஊட்டப்பட்டால், ஒரே ஓட்டத்தில் படியும் கோடு நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் சரிந்து, கூரை முகடுபோல் ஆகிவிடும். நாசில் செங்குத்தாகத்தான் நிற்கிறது. ஆனால் அடுத்து வரும் துகள் மோதுவதோ முகட்டின் சரிவில். சரிவு செங்குத்தாகும் அளவுக்கு அங்கே ஒட்டும் துகளின் பிணைப்பு பலவீனமாகி, துளைகளும் சேர்கின்றன. அடுத்த கோட்டைச் சரியாக ஒன்றன்மேல் ஒன்று மேவவிடாமல் தள்ளிப் போட்டால், இரு முகடுகளுக்கிடையே உள்ள பள்ளம் முழுநீளப் பலவீனக் கோடாகவே பூச்சுக்குள் புதைந்துவிடும். ஆகவே ஓர் ஓட்டத்தில் படியும் தடிப்பை ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்காக, 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள், வைத்துக்கொண்டு, கோடுகளைப் பாதி அகலத்துக்கு மேல் மேவவிடுங்கள். நாசிலின் வாய் 5, 6 மில்லிமீட்டர் இருக்கும்போது ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் நகர்வது நல்ல தொடக்கம்.

மிக மெல்லிய அடுக்குகளாகப் போட்டால் இன்னும் நல்லதா என்று கேட்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அடுக்குகள் கூடினால் அடுக்கிடை முகங்களும் கூடும். ஒவ்வொரு முகமும் அடுத்த ஓட்டம் வரும்வரை காற்றுக்குத் திறந்திருக்கும். படியாத நுண்தூசியும் அதன் மேல் அமரும். நடுவழிதான் பாதுகாப்பானது. ஒவ்வோர் அடுக்கிலும் கோடுகளின் திசையை 90 டிகிரி திருப்பினால் பலவீனங்கள் ஒரே வரிசையில் அடுக்கப்படாமல் தவிர்க்கலாம். பாதை திரும்பும் முனைகளில் தூள் குவியாதபடி, பள்ளத்துக்கு வெளியே சென்று திரும்புமாறு நிரலை எழுதுங்கள்.

நாசிலுக்கும் பரப்புக்கும் உள்ள தூரம் வழக்கமாக 25 முதல் 50 மில்லிமீட்டருக்குள் அமையும். மிக நெருங்கினால் பரப்பின் முன் அதிர்வலை வலுத்துத் துகளைத் தடுக்கும். மிக விலகினால் வாயு கலைந்து வேகம் குறையும். பூச்சு வளர வளர அந்தத் தூரம் தானாகவே சுருங்குவதால், தடித்த பழுதுபார்ப்பில் ஒவ்வொரு சில அடுக்குக்கும் நாசிலை உயர்த்த மறக்காதீர்கள்.

ஏழாம் படி: வெப்பமும் எஞ்சிய தகைவும்

முதல் அடுக்கு குளிர்ந்த பரப்பில் விழுகிறது. மற்ற அடுக்குகள் ஏற்கெனவே சூடேறிய பூச்சில் விழுகின்றன. முதல் அடுக்குக்குக் கைகொடுக்க, தூள் இல்லாமல் சூடான வாயுவை மட்டும் ஓட்டிப் பரப்பை இளஞ்சூடாக்குவது வழக்கம். அது அடி உலோகத்தின் பதத்தைக் கெடுக்காத அளவோடு நிற்க வேண்டும். 7075-டி6 போன்ற விமான அலுமினியம் ஏறத்தாழ 120 டிகிரியிலேயே பதம் பெற்றது. அதற்கு மேல் நீண்ட நேரம் சூடேறினால் பூச்சைக் காக்கப்போய்ப் பாகத்தை இழப்போம். பரப்பின் பின்புறம் வெப்பநிலையை அளக்கும் ஒரு வெப்ப இரட்டையைப் பொருத்தி, வரம்பை எட்டியதும் ரோபோ தானே காத்திருக்குமாறு அமையுங்கள்.

துகள்கள் சுத்தியலாக அறைவதால் பூச்சுக்குள் பெரும்பாலும் அழுத்தத் தகைவு, அதாவது உலோகத்தை உள்ளிருந்தே நெருக்கும் விசை, எஞ்சும். பளு மாறிமாறி வருவதால் தோன்றும் களைப்பு விரிசலுக்கு எதிராக இது நன்மை. ஆனால் பூச்சும் அடி உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்கும்போது கணக்கு மாறும். அலுமினியமும் மெக்னீசியமும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிபவை. எஃகு அவற்றில் பாதி அளவுக்கே விரியும். ஆகவே எஃகின் மேல் சூடாகப் படிந்த அலுமினியம் குளிரும்போது இழுவிசைக்கு உள்ளாகும். தடிப்பு கூடக்கூட, இந்த இழுவிசையால் பூச்சுக்குள் சேமிக்கப்படும் ஆற்றல் விளிம்புகளில் கூடி, அங்கிருந்து பூச்சை உரிக்க முயலும். விளிம்பு திடீரென முடியாமல் மெல்ல மெலிந்து முடியட்டும்.

எட்டாம் படி: கடைதலும் சோதனையும்

கூரான கருவியால், குறைந்த ஆழத்தில், வெட்டுவிசை பூச்சை அடி உலோகத்தின் மேல் அழுத்தும் திசையில் கடையுங்கள். விளிம்பிலிருந்து வெளிநோக்கி வெட்டினால் நல்ல பூச்சையும் கிளப்பிவிடலாம்.

ஒட்டுவலிமைக்கு ஏ.எஸ்.டி.எம். சி633 சோதனையே பரவலானது: பூச்சிட்ட உருளையின் மேல் இன்னோர் உருளையைப் பசையால் ஒட்டி, இரண்டையும் இழுத்துப் பிரிக்கிறார்கள். வந்த எண்ணைவிட எங்கே பிரிந்தது என்பதே முக்கியம். பூச்சுக்கும் அடி உலோகத்துக்கும் நடுவே பிரிந்தால் அந்த எண் ஒட்டுவலிமை. பூச்சுக்குள்ளே பிரிந்தால் அது உள்வலிமையைப் பற்றிய செய்தி. பசையில் பிரிந்தால் பூச்சைப் பற்றி அறிந்தது, அதன் ஒட்டுவலிமை பசையினதைவிட மேல் என்பது மட்டுமே. இத்தகைய பசைகள் பெரும்பாலும் 70 முதல் 85 மெகா பாஸ்கலுக்குள் விட்டுவிடும். ஒப்பிடும் இரண்டு அமைப்புகளிலும் பசையே பிரிந்திருந்தால், வந்த எண்களை வைத்து எது மேல் என்று தீர்ப்பு சொல்லக் கூடாது. அந்நிலையில் பூச்சில் மேடுகளைக் கடைந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளி வெட்டும் சோதனைக்குச் செல்லுங்கள்.

உள்வலிமையையும் நீட்சியையும் அறிய, தடித்த பூச்சிலிருந்து இழுவைத் துண்டுகளை வெட்டி இழுக்க வேண்டும். பூச்சின் தளத்துக்கு இணையாக வெட்டிய துண்டும், தடிப்பின் திசையில் வெட்டியதும் ஒரே எண்ணைத் தராது; பெரும்பாலும் தடிப்பின் திசையே பலவீனமானது. நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்ப்பதும் அவசியம். ஆனால் மெருகேற்றியதோடு நிறுத்தினால் துளையில்லாத, கண்ணாடிபோன்ற பரப்பு தெரியும். அதையே வலிமைக்குச் சான்றாகக் கொள்வது தவறு. அமிலத்தில் அரித்த பிறகுதான் துகள்களின் எல்லைகள் வெளிப்பட்டு, அவை தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றனவா என்னும் ஐயம் எழும்; உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். துகளின் உருண்டை வடிவம் முழுசாக எழுந்து நின்றால் பிணைப்பு எல்லையில் விட்டிருக்கிறது. சிறு குழிகள் நிறைந்து கிழிந்திருந்தால் உலோகமே இழுபட்டு உடைந்திருக்கிறது.

சோதனைத் துண்டைப் பாகத்தோடு சேர்த்து, அதே தூள், அதே நாசில், அதே நாளில் தெளியுங்கள். அதற்கும் பாகத்திலுள்ள அதே சரிவுச் சுவரை அமையுங்கள். தட்டைத் துண்டு தரும் நற்சான்று சரிவுக்குப் பொருந்தாது. அமைப்பைச் சீராக்கும் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு தெரிவை மட்டும் மாற்றி, வாயுவின் வெப்பம், அழுத்தம், தூளின் தொகுதி எண், உலர்த்திய விவரம், ஓட்ட வேகம், நகர்வு, தூரம், பாகத்தின் வெப்பநிலை ஆகியவற்றை ஒவ்வொரு தெளிப்பிலும் பதிந்துகொள்ளுங்கள். நாசிலின் கழுத்து தேய்ந்து அகன்றாலும் வேகம் மாறும் என்பதால், அதன் விட்டத்தை ஊசி அளவியால் அவ்வப்போது சரிபார்த்து, வரம்பைக் கடந்த நாசிலை மாற்றியதும் சோதனைத் துண்டை மறுபடி தெளித்து இழுத்துப் பார்த்த பிறகே அடுத்த பாகத்தைத் தொடுங்கள்.